தெருவில் விசாரித்த வகையில்

என் தம்பி மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, அரசுப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் குழுவில் அவள் பெயரும் வந்தது. விமானம், தங்குமிடம், சாப்பாடு, குளிர் உடை எல்லாம் அரசுச் செலவு. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான், பாஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் கிடங்குப் பிரிவில் எனக்கு வேலை. வருகிற பொருளையும் போகிற பொருளையும் சரிபார்த்து எழுதுகிறவள். வீட்டுக்கு வந்தால் நாட்குறிப்பு எழுதுகிறவள். குடும்பத்தில் காகிதம் சம்பந்தப்பட்ட எதுவும் என்னிடம்தான் வந்து சேரும்.

அவள் தேர்வானது சைரனைப் பற்றிப் பேசியதால். தம்பி வீடு இருக்கும் காலனி, கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று அவசரகால ஒத்திகை நடக்கும் கிராமங்களில் அதுவும் ஒன்று. சில வருடங்களுக்கு ஒருமுறை சைரன் ஊதும், ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். கதவு சன்னல்களைச் சாத்தச் சொல்வார்கள். பிறகு பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, பொட்டலச் சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். கடைசியாக நடந்த ஒத்திகையில் அவள் வீட்டுக்குள் உட்காரவில்லை. ஒரு தோழியை அழைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, எந்த இடம் வரை சத்தம் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்த்து, வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து வைத்தாள். களை எடுக்கப் போனவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் எதுவுமே கேட்கவில்லை. இதைத்தான் செங்கல்பட்டில் நடந்த போட்டியில் பேசினாள். ஜப்பானில் கடலோரப் பள்ளிகளில் பிள்ளைகள் சுனாமி ஒத்திகையில் மேட்டுக்கு ஓடுவார்களாம். "அவங்க எப்படி ஓடறாங்கன்னு கூடவே ஓடிப் பாக்கணும் அத்தை" என்று என்னிடம் சொன்னாள். கோபுரம், ரயில், பனி எதைப் பற்றியும் அவள் பேசி நான் கேட்டதில்லை.

தம்பி மனைவி தேவாலயத்துக்குப் போகிறவள். தம்பி எங்கும் போகாதவன். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்வந்த அன்று பேருந்தில் அவள் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"அண்ணி, இவ பிளைட் ஏர்ற வரைக்கும் தெருவுல ஒருத்தருக்கும் தெரிய வேணாம். ஏசப்பாக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். போதும்."

"மூல வீட்டு அக்காவுக்குக் கூடவா?"

"அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியக் கூடாது. அவங்க வாய்க்கு மைக்கே வேணாம். வேன் வாங்கப் போறோம்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? அட்வான்ஸ் குடுத்த அன்னிக்கே ஒங்க தம்பி கால ஒடச்சினு வந்தாரு."

மூலை வீட்டு அக்கா என்று தெருவே அழைக்கும் அந்தப் பெண்மணிதான் என் தம்பி மகளை வளர்த்தவர் என்று சொல்லலாம். தம்பி மனைவி வேலைக்குப் போன வருடங்களில் குழந்தை அங்கேதான் இருந்தது. காலையில் இட்லி விற்பார். தெருக்குழாய் அவர் வாசலில் இருக்கிறது. தெருவுக்குள் யார் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அவரிடமிருந்து ஒரு செய்தியை மறைப்பது எங்கள் தெருவில் சாதாரணக் காரியமல்ல. தம்பி மனைவி மறைத்துவிட்டாள்.

போலீஸ் விசாரணை ஒன்று உண்டு என்று பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பிலிருந்த ஆசிரியை பெற்றோர்களிடம் சொல்லியிருந்தார். எனக்கும் அது தெரியும். என் பாஸ்போர்ட்டுக்கு, கல்பாக்கம் நகரியத்தில் நான் இருக்கும் குடியிருப்பில் விசாரணை நடந்தபோது, ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வந்தார், கூடத்தில் உட்கார்ந்தார், காபி குடித்தார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தம்பி வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

ஒரு சாயங்காலம் தம்பி ஒரு துணிப்பையுடன் என் குடியிருப்புக்கு வந்து நின்றான். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வேலை நாளில் அந்த நேரத்துக்கு வருகிறவன் அல்ல.

"என்னடா, வண்டி எங்க?"

"வண்டிய ஷெட்டுல வுட்டுட்டேன். பஸ்ல வந்தேன். ரெண்டு நாளு இங்க இருந்துக்கிறேங்கா."

"வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இன்னா சண்ட. போலீஸ் தேடினு வந்துது."

என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமல், "எதுலடா மாட்டின?" என்றார்.

"அதான் மாமா தெரில. நேத்து நைட்டுலேர்ந்து லாரிய எங்கனா இடிச்சேனான்னு ரோசன பண்ணினே கீறேன். கோவளத்தாண்ட ஒரு செவுத்த ஒரசுனேன். அது போன மாசம். அதுவும் அந்தச் செவுறு ஏற்கெனவே வுழுந்துதான் கெடந்துது."

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தம்பி தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னான். முந்தின நாள் அவன் கைப்பேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் செயலியில் 'போலீஸ்' என்று வந்ததும் துண்டித்து, கைப்பேசியையே அணைத்துவிட்டான். அதன்பிறகு ஒருவர் இருசக்கர வண்டியில் தெருவுக்கே வந்திருக்கிறார்.

"மூல வூட்டு அக்கா சமாளிச்சி அனுப்பிச்சிடுச்சி. வூட்ட காலி பண்ணினு ஒரகடம் பக்கம் பூட்டாங்க சார், ஒரு வருசம் ஆவுதுன்னு சொல்லிக்கீது. அந்தாளு நம்பாம அடுத்த வூட்லயும் எதுத்தாப்புலயும் கேட்டாராம். அவங்களும் அதேதான். ஒரு வார்த்த மாறல."

அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"உன் பேரச் சொல்லித்தான் கேட்டாரா?"

"ஆமா. கைல போன வச்சினு பாத்துப் பாத்துக் கேட்டாராம்."

"பாப்பா பேரைக் கேட்டாரா?"

அவன் யோசித்தான். "கேட்டாராம். அதுலதான் அக்காக்கு இன்னும் கோவம் வந்துடுச்சி. வயசுக்கு வந்த பொண்ணு பேரு ஒனக்கு எதுக்குய்யான்னு."

நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன். எதற்காக வந்திருப்பார் என்று சொன்னபோது அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "அதுக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஏன் வரணும்? பாஸ்போர்ட் ஆபீசுதான் தனியா கீதே, நாமதான் போனமே" என்றான். பிறகு துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

எங்கள் தெருவில் போலீசுக்கு இப்படிப் பதில் சொல்லும்படி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், எங்கள் தெருவில் இறந்த ஒருவரை ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதில் கைகலப்பு ஆனது. மறுநாள் விடிந்ததும் போலீஸ் வந்து ஆண்களின் பெயரைச் சொல்லி வீடு எது, வீடு எது என்று கேட்டது. எங்கள் அப்பாவின் வீட்டைக் காட்டியவருக்கு அப்பாமேல் ஒரு பகையும் இல்லை. கேட்டார்கள், கையைக் காட்டினார். அப்பா காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்தபின் அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்கு பல வருடங்கள் நடந்து, கடைசியில் யார்மீதும் குற்றம் இல்லை என்று முடிந்தது. அதன்பிறகு எங்கள் தெருவில் காக்கி உடையில் யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்தப் பெயரில் ஆள் இருப்பதில்லை. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கே அது தெரியும். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நகரியத்துக்குக் குடிவந்த பிறகு எனக்கு அதற்கான அவசியம் வரவில்லை.

மறுநாள் காலை தம்பி, அவன் மனைவி, சீருடையில் மகள், நான் என்று எல்லோருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். விசாரணைக்கு வந்த காவலர் இளைஞர். தெற்கத்திப் பேச்சு. எங்களை உட்காரச் சொன்னார்.

"மேடம், ரிப்போர்ட் போயிருச்சு. நான் என்ன செய்யட்டும்? போன் போட்டேன், கட் பண்ணிட்டு ஸ்விட்ச் ஆஃப். நேர்ல போனேன். ஒரு வீட்ல இல்லன்னு சொன்னா சந்தேகப்படலாம். மூணு வீட்லயும் ஒரே மாதிரி சொல்றாக. ஒரகடம்ங்கிறாக, ஒரு வருசம்ங்கிறாக. அப்பறம் நான் என்னன்னு எழுதுவேன்?"

"என்ன எழுதினீங்க சார்?" என்று கேட்டேன்.

கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். "தெருவில் விசாரித்த வகையில், மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை எனத் தெரியவருகிறது."

அதில் தவறு என்று சுட்டிக்காட்ட ஒரு வார்த்தை இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் பெண்ணைப் பார்த்து, "நீதானாம்மா? எந்த நாடு?" என்றார்.

"ஜப்பான் சார்."

"அடப்பாவமே. இத ஊருக்குள்ள மேளம் அடிச்சுல்ல சொல்லியிருக்கணும்?"

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுவிசாரணைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அன்றே விண்ணப்பித்தேன். விளக்கக் கடிதம், பள்ளியின் சான்று, குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். தலைமையாசிரியர் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் யாரும் எங்களைத் துரத்தவில்லை. வரிசைப்படிதான் நடக்கும் என்றார்கள். நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து மூன்று முறை போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் தம்பி மகள் போனில் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். "மாறிச்சா அத்தை?" இணையத்தில் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறதா என்று அர்த்தம். மாறவில்லை.

குழுவின் விசா விண்ணப்பங்களை மொத்தமாகக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. பொறுப்பாசிரியை மதியம் என்னை அழைத்தார்.

"மேடம், நான் ரெண்டு தடவை தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு பொண்ணுக்காக எல்லாரோட விசாவையும் நிறுத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த இடத்துல இருந்த பொண்ணைச் சேத்துட்டாங்க."

பிறகு, "நீங்களே சொல்லிடறீங்களா? என்னால முடியாது" என்றார்.

நான் பேருந்தில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டுக் கேட்டுக்கொண்டாள். "சரி அத்தை" என்றாள். மீதித் துணியையும் துவைத்து, அலசி, கொடியில் போட்டாள். அழுவாள் என்று காத்திருந்த எனக்கு அங்கே செய்ய எதுவும் இருக்கவில்லை.

விண்ணப்பத்தை நான் கைவிடவில்லை. அடுத்த முறைக்காவது உதவட்டும் என்று விட்டுவைத்தேன். அடுத்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத்தேர்வு எழுதுகிறவர்களை அழைத்துப்போவதில்லை என்பது தெரிந்தும். விசா விண்ணப்பங்கள் கொடுத்து முடிந்த அடுத்த வாரம் மறுவிசாரணைக்கு அதே காவலர் வந்தார். இம்முறை எனக்கு முன்கூட்டியே அழைத்துச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்போதுதான் தெருவுக்கு எல்லாம் தெரிந்தது. குழாயடியில் தம்பி மனைவி கையெழுத்துக் கேட்கப் போன இடத்தில் வெடித்தது. மூலை வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஜப்பானா? எங்கிட்ட சொல்லல நீ. ஒம் பொண்ணுக்கு நான் குண்டி கழுவி வுட்டவ. எங்கிட்ட சொல்லல."

"அக்கா, கண்ணு பட்டுடுமேன்னுதான்..."

"யாரு கண்ணு? எங்கண்ணா?"

"அப்பிடிச் சொல்லலக்கா. நீங்க ஏன் அப்படி ஒரு பொய்யச் சொன்னீங்க? தெரியாதுன்னு சொல்லி வுட்டிருக்கலாமே. காலி பண்ணினு பூட்டாங்கன்னு ஏன் சொல்லணும்?"

"தெரியாதுன்னா வுடுவானா? ஊருக்கே தெரியும் வுட மாட்டான்னு. ஒம் பொண்ணு போறத நீ மறச்ச. ஒம் புருசன நான் மறச்சேன். யாருடி தப்பு? சொல்லு, யாரு தப்பு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

காவலர் வந்தபோது தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள், பிறந்ததிலிருந்து இருக்கிறாள், நல்ல பெண், படிக்கிற பெண் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் காகிதத்தை நீட்டியதும் கூட்டம் பின்வாங்கியது. எதிர்வீட்டுக்காரர், "வாயால வேணா எத்தினி வாட்டி வேணா சொல்றேன் சார், கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றார். மூலை வீட்டு அக்கா பேனாவை வாங்கினார். தன் பெயரை எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது காவலரின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது கையெழுத்துக்கு ஆசிரியையின் உறவினர் ஒருவரை அடுத்த தெருவிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. குழு புறப்படுவதற்கு முந்தைய வாரம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. தம்பி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தான்.

இதற்கிடையே இன்னொரு சிக்கல் இருந்தது. ஜப்பானில் ஒரு பள்ளியில் எங்கள் மாவட்டத்தின் சார்பாக ஒரு பேச்சு இருந்தது. அது என் தம்பி மகளுடைய சைரன் பேச்சு. நிகழ்ச்சி நிரலில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. பதிலாகப் போகும் பெண் கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவள். அவள் தகப்பனார் அந்தக் கட்டடத்தின் காவலாளி. அந்தப் பெண் ஒத்திகையைப் பார்த்ததில்லை, சைரனைக் கேட்டதில்லை. அவளுக்கு நீ சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஆசிரியை தம்பி மகளிடம் மிகவும் தயங்கிக் கேட்டார். இவள் சரி என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தம்பி வீட்டில் இருந்தேன். இவள் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து, வரைபடத்தை விரித்து, அந்தப் பெண்ணுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், சிவப்புக் கோட்டை எப்போது காட்ட வேண்டும், ஆடு மேய்க்கிறவர் சொன்னதைச் சொல்லும்போது சிரிக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னாள். அந்தப் பெண் நல்ல பெண். பயந்திருந்தாள். "அக்கா, நீங்கதான் போயிருக்கணும்" என்று நடுநடுவே சொன்னாள். இவள் அடுத்த பத்திக்குப் போனாள்.

"மொதல்லேர்ந்து சொல்லு பாக்கலாம்."

அந்தப் பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அந்த கிராமத்தில், அங்குள்ள மக்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். இவள் நிறுத்தினாள்.

"அந்த கிராமம்னு சொல்லாத. எங்க ஊருன்னு சொல்லு. எங்க ஊருன்னாத்தான் கேப்பாங்க."

"பொய்தானே அக்கா அது?"

"பரவால்ல. சொல்லு."

அந்தப் பெண் எங்கள் ஊர் என்று மாற்றிச் சொன்னாள். இரண்டாம் முறை தடுமாறவில்லை. பிறகு, "ஒங்க வீடு எங்க இருக்குன்னு அங்க யாராவது கேட்டா?" என்றாள்.

இவள் வரைபடத்தின்மேல் விரலை வைத்தாள். அது கைப்பேசித் திரையில் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

"இதோ, ஏரிக்கரை. இங்கேர்ந்து உள்ள வந்தா கொழா. கொழாக்கு அடுத்த வூடு. எழுதிக்கோ" என்றாள்.

அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.